ஒரே குடத்தில் இரண்டு கை

யோகேஸ்வரன் மாஸ்டர் பத்தொன்பது வருடங்களாக நிகழ்தகவுப் பாடத்தை ஒரே மாதிரிதான் தொடங்கினார். பித்தளைச் செம்பு ஒன்றை மேசையில் வைப்பார். அதற்குள் இலையில் மடித்துக் கட்டிய பூப்பொட்டலங்கள் கிடக்கும். சிலவற்றில் சிவப்புப் பூ, சிலவற்றில் வெள்ளை.

மலையகத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சு, திருவிழாத் தேதி, கொழும்புக்கு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது, எல்லாவற்றுக்கும் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்து வளர்ந்தவர்கள். சிவப்பு வந்தால் சம்மதம். வெள்ளை வந்தால் இல்லை.

"எடுத்தத திருப்பிப் போடக் கூடாது" என்பார் மாஸ்டர். "போட்டா அது வேற கணக்கு. போடலன்னா, மொத ஆள் எடுத்தது ரெண்டாவது ஆளோட விதிய மாத்தும். இதுதான் சார்ந்த நிகழ்ச்சி."

இந்த வருடம் அந்தப் பாடத்தை அவர் எடுக்கவில்லை. தரம் பதினொன்றின் அந்த ஒரு அலகை மட்டும் புதிதாக வந்த டீச்சரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய கேத்திரகணிதத்தை வாங்கிக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஹட்டனில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

*

அவர் பிறந்தது வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில். இருபது காம்பரா லயம், ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கிடக்கும் இருபது ஒற்றையறை வீடுகள். ஒன்றாம் காம்பரா அவருடைய அப்பாவுடையது. இரண்டாம் காம்பராவில் வாழ்க்கைப்பட்டவள் அவருடைய அக்கா ஜீவராணி. பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு ஒரு சுவர் தூரம்.

அவளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. கணவன் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகி உடப்புசல்லாவைப் பக்கம் போய்விட்டாள். இன்னும் கொழுந்து எடுக்கிறாள். அவள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த வருடம்தான் தம்பி ஹட்டனுக்குப் படிக்கப் போனான். இதை அவள் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பா இறந்த பிறகு ஒன்றாம் காம்பரா மாஸ்டரின் பேருக்கு மாறியது. அவர் ஹட்டனில் வாடகை வீட்டில் மனைவி தனுஜாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தார். காம்பரா பூட்டியே கிடந்தது. திருவிழாவுக்கு மட்டும் திறப்பார்கள். ஆனால் வாக்குப் பதிவும் குடும்பப் பதிவும் அங்கேயே இருந்தன. மாற்ற வேண்டும் என்று வருடா வருடம் நினைத்து, வருடா வருடம் விட்டுவிட்டார்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஆனி மழையில் லயத்தின் மலைப்பக்கச் சுவர் முழுக்க வெடிப்பு ஓடியது. அதிகாரிகள் வந்தார்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போட்டுத் தேதி எழுதினார்கள். இங்கே குடியிருக்கக் கூடாது என்று கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கே குடியிருப்பது என்று கடிதத்தில் இல்லை.

ஜீவராணி வெடிப்பில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்தாள். சுவர் விலகினால் குச்சி விழுந்துவிடும். காலையில் எழுந்ததும் முதலில் அதைப் பார்ப்பாள். பிறகு அடுப்பு மூட்டுவாள். மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் ஒரு குச்சிக்குப் பதிலாக இரண்டு, இரண்டுக்குப் பதிலாக மூன்று என்று சேர்த்துச் செருகினாள்.

சென்ற வருடம் கீழே பழைய பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் வீடுகள் கட்டினார்கள். இருபது கட்டுவதாகத்தான் பேச்சு. எட்டுதான் எழும்பியது. மிச்சம் அடுத்த கட்டத்தில் என்றார்கள்.

இருபது குடும்பம். எட்டு வீடு.

*

தோட்ட ஆபீசில் சீட்டுக் குலுக்கலாம் என்றார்கள். லயத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பு ஒருமுறை கூரைத் தகரம் பகிர்ந்தபோது சீட்டுப் போட்டார்கள். சில சீட்டுகளை மட்டும் மூலை மடித்து வைத்திருந்தார்கள் என்று இன்றுவரை பேச்சு.

"ஆபீஸ் சீட்டு வேணாங்க" என்றார் கோயில் தலைவர் முத்துலிங்கம். "அம்மன் முன்னால பூக் கட்டுவோம். எட்டு செவப்பு, பன்னெண்டு வெள்ள. காம்பரா நம்பர் வரிசைப்படி வந்து எடுக்கட்டும். அப்புறம் யாரையும் யாரும் பேச முடியாது."

வீடு பகிர வந்த அதிகாரி சிரித்தார். ஆனால் சம்மதித்தார். அவருக்கும் பிறகு யாரும் பேசாமலிருப்பதுதான் வேண்டியிருந்தது.

பட்டியல் எடுத்த அன்று மாஸ்டர் தோட்டத்துக்குப் போயிருந்தார். ஒன்றாம் காம்பராவில் குடியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். "பதிவு இங்கதான்" என்றார். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா தேநீர் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒம் பேர வெட்டச் சொல்லிரு."

"ஏன்?"

"நீதான் இங்க இல்லயே."

"எனக்காகவா எழுதினேன்? எனக்கு விழுந்தாலும் அது ஒங்களுக்குத்தான் அக்கா."

"அது சரி. ஆனா ஒரே கொடத்துல ரெண்டு கை போனா ஒரு கைக்குக் கொறயுமில்ல?"

மாஸ்டர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பழைய கொப்பியின் பின்னட்டையில் ஒரு மரம் வரைந்தார். முதல் கிளை சிவப்பு, வெள்ளை. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கிளை.

"இங்க பாருங்க. நீங்க மட்டும் எடுத்தா நூத்துக்கு நாப்பது, நாப்பத்திரெண்டு. நம்ம ரெண்டு பேரும் எடுத்தா, ரெண்டும் வெள்ளையா வாறதுக்கு முப்பத்தஞ்சுதான். அப்ப யாராவது ஒருத்தருக்கு செவப்பு வர அறுபத்தஞ்சு. நாப்பது நல்லதா, அறுபத்தஞ்சு நல்லதா?"

"அறுவத்தஞ்சு."

"அப்பறம்?"

"எனக்கென்னா தெரியும்" என்றாள் ஜீவராணி. "நீ படிச்சவன். நீ சொன்னா சரிதான்."

அவள் கொப்பியை வாங்கி அந்த மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கவ்வாத்து வெட்டின தேயில மாதிரி இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

மறு வாரம் மாஸ்டர் இதையே வகுப்பில் செய்தார். செம்பில் எட்டுச் சிவப்பு, பன்னிரண்டு வெள்ளை. இரண்டிரண்டு பிள்ளைகளாக வந்து ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஒவ்வொரு சோடியும் முடிந்ததும் எல்லாப் பொட்டலத்தையும் திரும்பப் போட்டுக் குலுக்கினார்கள். நாற்பது சோடி. யாராவது ஒருவருக்காவது சிவப்பு வந்தது இருபத்தாறு முறை. நூற்றுக்குச் சரியாக அறுபத்தைந்து. பின்வரிசை வாங்குகளில் கைதட்டினார்கள்.

நிலக்ஷி என்ற பெண் கை தூக்கினாள்.

"சேர், ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்களா?"

"ஏன்?"

"இல்ல, வேற வேற ஆள்னா ஒருத்தருக்கு விழுந்தா மத்த ஆளுக்கு என்னா பிரயோசனம்?"

"அது கணக்குல இல்லம்மா" என்றார் மாஸ்டர். "உக்காரு."

*

பூக் கட்டிய நாளும் மழைதான். கோயில் மண்டபத்துத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடும்பத்துக்கு ஒரு நிபந்தனைத் தாள் கொடுத்தார்கள். அதிகாரி முன்னால் நின்று சிங்களத்தில் வாசித்தார். ஆபீசிலிருந்து வந்த கிளார்க் அதைத் தமிழில் சொன்னார். கிளார்க்கின் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தவர்களும் உண்டு.

மாஸ்டர் கடைசி வாங்கில் உட்கார்ந்து அந்தத் தாளைத் திருப்பி மடியில் வைத்தார். பின்பக்கம் வெற்றாக இருந்தது. அதில் மறுபடி மரத்தை வரைந்தார். இந்த முறை சதவீதத்தில் இல்லாமல் பின்னத்தில் போட்டுப் பார்த்தார். இருநூற்று நாற்பத்தெட்டின் கீழ் முந்நூற்று எண்பது. சரியாகத்தான் வந்தது. அவர் நிமிர்ந்தபோது வாசித்து முடித்திருந்தார்கள்.

"ஒண்ணாம் காம்பரா" என்று கூப்பிட்டார் முத்துலிங்கம்.

மாஸ்டர் எழுந்து போனார். குடத்தின் வாய் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. மேலே கிடந்த பொட்டலத்தை எடுக்காமல் கொஞ்சம் உள்ளே விட்டு எடுத்தார். முத்துலிங்கம் வாழைநாரைப் பிரித்தார். சிவப்பு ரோசா இதழ்.

மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "மாஸ்டருக்கு அம்மனும் டியூசன் குடுத்திருக்கா." சிலர் சிரித்தார்கள். அதிகாரி பதிந்துகொண்டார்.

"ரெண்டாம் காம்பரா."

ஜீவராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கையை உள்ளே விட்டு வெகுநேரம் வைத்திருந்தாள். உள்ளே பொட்டலங்கள் உரசும் சத்தம் கேட்டது. எடுத்தாள். வெள்ளை.

திரும்பி வந்து தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பரவாயில்லக்கா" என்றார் அவர், காதோரம். "நமக்கு வந்திருச்சில்ல."

அவள் தலையாட்டினாள். சிரித்தாள்.

இருபதாம் காம்பரா எடுத்து முடிப்பதற்குள் மழை விட்டிருந்தது. கையெழுத்துப் போட ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அக்காவும் தம்பியும் இறங்கிப் போய் வீடுகளைப் பார்த்தார்கள். எந்த வீடு என்று இன்னும் சொல்லவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான். ஜீவராணி ஒன்றின் உள்ளே போனாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மலைப்பக்கம் எது என்று கேட்டாள். இங்கே மலைப்பக்கம் என்று ஒன்று இல்லை, நாலு பக்கமும் வெளி என்றார் மாஸ்டர். அடுப்பை எந்த மூலையில் போடுவது, சாமிப்படம் எங்கே என்று காலடியால் அளந்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ஜன்னலுக்கு சீல வேணும்" என்றாள்.

அந்த ஒரு மணித்தியாலம் அவளுக்கு வீடு இருந்தது.

*

கிளார்க் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு. மூணு மாசத்துக்குள்ள குடும்பத்தோட வந்திரணும் மாஸ்டர்."

"நான் இல்லைங்க. வீடு அக்காவுக்கு."

"எந்த அக்காவுக்கு?"

"ரெண்டாம் காம்பரா."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு வெள்ளையில்ல வந்துச்சு?"

"எனக்கு வந்தத அவங்களுக்குக் குடுக்கிறேன்."

"அப்பிடிக் குடுக்க ஏலாதுங்க. மொதல்லயே வாசிச்சமே. ஆறாவது." அவர் மாஸ்டரின் கையிலிருந்த தாளை எட்டி வாங்கினார். மரம் மேலே இருந்தது. அதைப் புரியாமல் பார்த்துவிட்டுத் திருப்பினார். விரலை வைத்துக் காட்டினார்.

பூ எடுத்தவர் தம் குடும்பத்தோடு அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். உறவினருக்கோ மற்றவருக்கோ மாற்ற முடியாது. ஒருவர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால், வெள்ளை எடுத்தவர்களில் குடும்ப அங்கத்தவர் அதிகமுள்ளவருக்குப் போகும்.

தமிழில்தான் அச்சடித்திருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை.

"படிச்சவரு நீங்க" என்றார் கிளார்க். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார்.

வெள்ளை எடுத்த பன்னிரண்டு குடும்பங்களில் பெரியது ஒன்பதாம் காம்பரா விஜிதரனுடையது. ஏழு பேர். அதில் ஒன்று நாலு மாதக் குழந்தை. ஜீவராணி ஒற்றையாள். பட்டியலில் பன்னிரண்டாவது.

மாஸ்டர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். ஹட்டனுக்குப் போய்த் தனுஜாவிடம் சொன்னார். தனுஜா யோசித்துவிட்டு, "போய் இருப்போம், பிள்ளைங்க பஸ்ஸுல வந்து படிக்கட்டும். மதினியும் நம்மளோட இருக்கட்டும்" என்றாள். அவருக்கு அது ஒரு வழியாகத் தோன்றியது. மனைவியையும் பிள்ளைகளையும் மூன்று மாதமாவது கொண்டுபோய் வைப்பது. பிறகு மெல்ல அக்காவை மட்டும் விட்டுவிட்டு வந்துவிடுவது. இதை நினைக்கும்போதே அவருக்குத் தெரிந்தது, இது "பதிவு இங்கதான்" என்று சொன்ன அதே வாய் என்று.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனார். பாதையில் விஜிதரன் எதிரே வந்தான். தோளில் விறகுக் கட்டு. இறக்கி வைத்துவிட்டு நின்றான்.

"மாஸ்டர், நீங்க வாறதுன்னா வாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மன் குடுத்தது." கொஞ்சம் நிறுத்தினான். "பூட்டி மட்டும் வச்சிராதீங்க. அதத்தான் கேக்கிறேன்."

விஜிதரன் விறகைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஜீவராணி எல்லாவற்றையும் கேட்டாள். தனுஜா சொன்னதைக் கேட்டபோது மட்டும், "நல்ல புள்ள" என்றாள். பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"எழுதிக் குடுத்திரு தம்பி."

"அக்கா..."

"ஒம்பதாம் காம்பராக் கொழந்த ராத்திரியெல்லாம் இருமுது. இங்க வரைக்கும் கேக்குது. நான் அந்தப் புது வீட்டுல எப்பிடிப் படுப்பேன்? எழுதிக் குடுத்திரு."

எழுதிக் கொடுத்தார். விஜிதரன் வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது ஜீவராணிதான் அடுப்பு மூலை எதுவென்று காட்டினாள். ஜன்னலுக்கு ஒரு சீலைத்துண்டு கொண்டுபோயிருந்தாள். அதையும் அங்கேயே விட்டு வந்தாள்.

*

அதன் பிறகுதான் மாஸ்டர் கணக்கைச் சரியாகப் போட்டார்.

அவர் பேரை வெட்டியிருந்தால் பத்தொன்பது குடும்பம், எட்டுச் சிவப்பு. அக்காவுக்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு. அவர் பேர் இருந்ததால் அது நாற்பதாயிற்று. அவர் சிவப்பை எடுத்த அந்த நிமிடத்தில் குடத்தில் மிஞ்சியது பத்தொன்பது பொட்டலம், ஏழு சிவப்பு. முப்பத்தேழு. அறுபத்தைந்து என்ற எண் சரியானதுதான். அது யாருடைய எண்ணும் இல்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு கை என்று வைத்துப் போட்ட எண். தாளில் இரண்டு கை என்றிருந்தது.

ஒரே குடத்தில் இரண்டு கை போனால் ஒரு கைக்குக் குறையும். அவள் அதை வாசற்படியில் உட்கார்ந்து, மரம் வரையாமல் சொன்னாள். நிலக்ஷியும் சொன்னாள். அவளை உட்காரச் சொன்னார்.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல மாதம் நினைத்தார். தைப்பொங்கலுக்குப் போனபோது சொன்னார்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி அக்கா. எம் பேர வெட்டியிருக்கணும்."

அவள் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். "வெட்டியிருந்தா?"

"அந்த செவப்பு கொடத்துலயே இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். எங் கையிலதான் வந்திருக்கும்னு யாரு சொன்னா? அப்பவும் நான் வெள்ளையத்தான் எடுத்திருப்பேன். எங் கை அப்பிடி."

அது சரியான வாதம். அவர் பேர் இல்லாவிட்டாலும் அவளுக்கு வெள்ளை வர நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. பாதிக்கு மேல். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் பலே என்றிருப்பார். இப்போது முன்னாலிருந்த பொங்கலில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"சாப்புடு" என்றாள் ஜீவராணி. "ஆறிப் போவுது."

ஹட்டனுக்கு வந்து தங்களோடு இருக்கும்படி பலமுறை கேட்டுவிட்டார். முடியாது என்கிறாள். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும் நேரத்துக்கு மலையில் நிற்க வேண்டும். அதுமட்டுமில்லை. லயத்தை விட்டுப் போனால் அடுத்த கட்ட வீட்டுப் பட்டியலிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். பன்னிரண்டாவதாக இருந்தவள், விஜிதரன் போன பிறகு பதினோராவது. பேர் இருக்க வேண்டுமென்றால் வெடிப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கும் அவரால் ஒரு மரம் வரைய முடியும். வரையவில்லை.

மழை தொடங்கினால் மாஸ்டர் இடைவேளையில் பாடசாலை மதிலோரம் போய் நின்று அக்காவுக்குப் போன் எடுப்பார். மழைநாளில் மலைக்குப் போகாவிட்டால் அவள் காம்பராவில்தான் இருப்பாள். இந்த ஆனியிலும் அப்படி எடுத்தார். ஹட்டனில் தூறல்தான். வட்டவளைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

"அக்கா, அங்க மழையா?"

"இல்ல தம்பி. லேசா தூறுது."

அவள் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

"பாதுகாப்புக்குத் தோட்டத்து ஸ்கூல் கட்டடத்துக்கு எல்லாரும் போறாங்களா?"

"சொல்லியிருக்காங்க. போவோம் போவோம்."

"செவுத்துல குச்சி இருக்கா?"

"இருக்கு."

உடனே சொன்னாள். எழுந்து போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"பாத்துச் சொல்லுங்கக்கா."

"இருக்கு தம்பி. ஒனக்கு க்ளாஸ் இல்லயா?"

மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மாஸ்டர் அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.